டாக்குரியாவில் வாட்ச் வாங்கிய ஆறு பேர்

சென்னை ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்கற உங்களுக்கு ஃபீல்டு வேலை பத்தி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாங்க. கேட்டவங்களுக்கு என்னைத் தெரியாது போல. நாலு வார்த்தையோட நிறுத்தற ஆள் இல்ல நான். முப்பத்தோரு வருஷம் கல்கத்தாவில கடை வாசல், வீட்டு வாசல், ஆஸ்பத்திரி வாசல்னு நின்னு ஜனங்ககிட்ட அபிப்பிராயம் கேட்டேன், அப்புறம் மத்தவங்களைக் கேக்க வெச்சேன், போன வருஷம் ரிட்டையர் ஆனேன். அப்பா ரயில்வேயில இருந்தார், அதனால இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவ. என் தமிழ் வீட்டுக்குள்ள பேசின தமிழ். நடுவுல பெங்காலி எட்டிப் பார்த்தா தள்ளி விட்டுட்டுப் படிங்க.

கேள்வித்தாள் எப்படித் தயார் பண்றது, யாரை எத்தனை பேரைக் கேக்கறதுன்னு உங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லியிருப்பாங்க. நான் அதுக்குள்ள போகல. நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லப் போறேன். ஒரு நல்ல பொம்பளையோட பேரை, ஊர்ல இருக்கற எல்லா ஏஜென்சியிலயும் கெடுத்து வைக்க இருந்தேன். கெட்ட எண்ணத்துல இல்ல, ரூல் புஸ்தகத்தை வரி விடாம பின்பத்திதான்.

ரெண்டு மூணு வருஷம் முன்னாடி நடந்தது. ஸ்மார்ட்வாட்ச் செய்யற ஒரு கம்பெனி எங்களுக்கு ஒரு ஸ்டடி குடுத்துது. போன்ல ஒரு தட்டு தட்டினா வீட்டுக்கே வந்துடற சாமானை, எதுக்காக இன்னும் இத்தனை பேர் வெயில்லயும் மழையிலயும் நடந்து வந்து கடையில வாங்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். பூஜாவுக்கு முந்தின மாசம். உங்களுக்கு தீபாவளி எப்படியோ எங்களுக்கு துர்கா பூஜா அப்படி, மொத்த ஊரும் கடைத் தெருவுலதான் இருக்கும். மூணு கடை எடுத்தோம். டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்துல ஒண்ணு, அலிப்பூர்ல ஒண்ணு, டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துல ஒண்ணு. வாட்ச் வாங்கிட்டு வெளியில வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி, டேப்லெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, பத்து நிமிஷம் பேசணும்.

பத்து நிமிஷம்னு தீர்மானிச்சவர் கல்கத்தாவைப் பார்த்ததே இல்லைன்னு நினைக்கறேன். இந்த ஊர்ல அபிப்பிராயம் கேட்டுட்டு பத்து நிமிஷத்துல தப்பிச்சுப் போனவங்க யாரும் கிடையாது. அலிப்பூர்ல ஒரு வக்கீல், "கோர்ட்டுல ஜட்ஜ் முன்னாடி போனை எடுக்க முடியாது, மணிக்கட்டைப் பார்க்கலாம், ஆனா கண்ணாடி போடாம எழுத்து தெரியுதான்னு நான் நேர்ல பார்க்க வேண்டாமா?"ன்னு ஆரம்பிச்சு, கண் டாக்டர்கள் எல்லாரையும் ஒரு பிடி பிடிச்சுட்டுத்தான் போனார். டாலிகஞ்ச்ல ஸ்டூடியோவுல மேக்கப் போடற ஒரு பொண்ணு, "ஆன்லைன்ல விமர்சனம் எழுதறவங்க தோல் எப்படிப்பட்டதுன்னு எனக்கென்ன தெரியும், எனக்கு பட்டை உரசினாலே தடிச்சுப் போகும்"னு சொல்லி முழங்கை வரைக்கும் காட்டினா. ஒரு தம்பதி வந்தாங்க. புருஷன் தினம் எத்தனை அடி நடக்கறோம்னு எண்ண வாட்ச் வாங்கியிருந்தார். "மார்க்கெட்டுக்குக் கூட ரிக்‌ஷாவுல போற மனுஷன், எண்ணறதுக்கு மட்டும் ஒரு மிஷின்"னு பொண்டாட்டி எங்க இன்டர்வியூவர்கிட்ட சொல்லிட்டு அவரைப் பார்த்தே சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசு வராததுக்கு இவங்கதான் காரணம்.

டாக்குரியா கடையை ஷிப்ராதிகிட்ட குடுத்தேன். பெங்காலியில அக்காவை தீதிம்பாங்க, பேர் பின்னாடி ஒட்டினா வெறும் 'தி' ஆயிடும். என்னைவிட நாலு வயசு மூத்தவங்க. நான் சூப்பர்வைசர், அவங்க இன்டர்வியூவர், ஆனாலும் அவங்க என்னை ஜயான்னு கூப்பிடுவாங்க, நான் அவங்களை ஷிப்ராதின்னு கூப்பிடுவேன். புருஷன் போய் பல வருஷம் ஆச்சு, குழந்தை கிடையாது. டாலிகஞ்ச் பக்கம் ஒரு காலனியில தனியா இருந்தாங்க. மாசச் சம்பளம் வாங்கறவங்க இல்ல. எந்த ஏஜென்சியில ஸ்டடி வருதோ அங்க வேலை, வரலேன்னா வீட்டுல. அதை வெச்சுத்தான் சாப்பாடு. பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். என் வீட்டு நவராத்திரி கொலுவுக்கு வருஷா வருஷம் வந்து, சுண்டல்ல உப்பு கம்மின்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க.

அந்த ஸ்டடியில முதல் வாரம் முடிஞ்சு ஷிப்ராதி அனுப்பின ஃபாரங்களைப் படிச்சேன். எனக்கு மூக்குல வேர்த்துது. 'ஏன் கடையில வாங்கினீங்க'ங்கற கேள்விக்கு, பாதிக்கு மேல ஒரே பதில். 'கடையில கையில கட்டி விடறாங்க.' 'கையில கட்டி, இறுக்கமா இருக்கான்னு கேக்கறாங்க.' 'கட்டி விடறதுக்கு ஆள் இருக்கு.' வேலை பழகினவங்களுக்கு இது தெரியும். வாசல்ல நிக்காம டீக்கடையில உக்காந்து சொந்தமா ஃபாரம் நிரப்பற ஆளுக்கு கற்பனை சீக்கிரம் தீர்ந்து போகும். ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி எழுதுவாங்க. இப்போ உங்க டேப்லெட்ல பேச்சைப் பதிவு பண்ற வசதி இருக்கு. அந்த ஸ்டடியில கிடையாது, எங்க வாசல்ல எதையும் பதிவு பண்ணக் கூடாதுன்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்க.

அதனால பேக் செக் பண்ணினேன். இன்டர்வியூ நிஜமா நடந்துதான்னு, பதில் சொன்ன சில பேருக்கு நாமளே போன் பண்ணிக் கேக்கறதுக்குத்தான் அந்தப் பேர். யாருக்குப் பண்றோம், என்ன சொன்னாங்கன்னு இன்டர்வியூவர்கிட்ட மூச்சு விடக் கூடாது. முன்கூட்டித் தெரிஞ்சா ஆள் தயார் பண்ணிடுவாங்க இல்லையா, அதுக்காக. ஃபாரத்துல பேர் எழுதக் கூடாதுன்னு கம்பெனி சொல்லியிருந்துது, வயசும் போன் நம்பரும் மட்டும்தான் இருக்கும். ஷிப்ராதி ஃபாரத்துலேர்ந்து பத்து நம்பர் எடுத்தேன். நாலு பேர் எடுக்கல. எடுத்த ஆறு பேரும் இல்லைன்னுட்டாங்க.

முதல் ஆள் பெங்களூர்ல இருந்தார். "நான் கல்கத்தா பக்கம் வந்தே எட்டு மாசம் ஆச்சு. வாட்ச்சும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. மீட்டிங்ல இருக்கேன்"னு வெச்சுட்டார். பூனாவிலேர்ந்து ஒரு பொண்ணு, "நான் கையில கடியாரமே கட்றதில்லையே"ன்னா. இன்னும் நாலு பேரும் அந்த மாதிரிதான். ஃபாரத்துல அறுபத்தெட்டு வயசு, எழுபத்திரண்டு வயசுன்னு போட்டிருந்துது. எனக்குக் காதுல கேட்டதெல்லாம் முப்பத்தஞ்சு நாப்பது வயசுக் குரல். பாரு, வயசைக் கூட சரியா கற்பனை பண்ணத் தெரியலன்னு நினைச்சேன். அந்தக் குரலும் அந்த வயசும் ஏன் ஒட்டலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா இந்தக் கதையே இல்ல. எனக்குக் கோபம் வந்தா யோசனை வராது, அது என் பிறவிக் குணம்.

கோபத்தை விட வருத்தம் ஜாஸ்தி. என் வீட்டுல சாப்பிட்டவங்க, என்னை ஏமாத்திட்டாங்களேன்னு. மேனேஜர்கிட்ட போய் சொன்னேன். "ஆறுக்கு ஆறா? இதுல பேச என்ன இருக்கு, முடிச்சுடுங்க"ன்னார். முடிக்கறதுன்னா அந்த ஆளோட எல்லா ஃபாரத்தையும் ரத்து பண்ணி, பேரைப் பட்டியல்ல சேர்க்கறது. ஊர்ல இருக்கற ஏஜென்சிகள் தங்களுக்குள்ள பகிர்ந்துக்கற பட்டியல் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போகும். அதுல பேர் ஏறினா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. பேர் ஏறினவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்ல.

நான் நேர்ல சொல்லல. வாட்ஸ்அப்புல ரெண்டு வரி. நாளைலேர்ந்து வர வேண்டாம், டேப்லெட்டை ஆபீஸ்ல குடுத்துடுங்கன்னு.

வியாழக்கிழமை காலையில ஷிப்ராதி வந்தாங்க. டேப்லெட்டை என் மேஜையில வெச்சு, அது மேல இருந்த மழைத் தண்ணியைத் தலைப்பால துடைச்சாங்க. "என்ன ஆச்சு ஜயா?"

"பேக் செக்ல தேறல."

"யார் தேறல?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"நான் எல்லார்கிட்டயும் பேசினேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பேசினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, ஷிப்ராதி." இதை நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். திரையில ஒண்ணும் இல்ல.

அவங்க திரும்பிப் போயிட்டாங்க. ஒரு சத்தம் இல்ல, ஒரு சண்டை இல்ல. சண்டை போடாததையும் நான் குத்தத்தை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டேன். மனசு ஒரு பக்கம் சாஞ்சுட்டா எல்லாமே அந்தப் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரத்தான ஃபாரங்களுக்குப் பதிலா வேற இன்டர்வியூ வேணும். சனிக்கிழமை வாட்ச் கம்பெனிக்காரர் வர்றார். டாக்குரியாவுக்கு அனுப்ப வேற ஆள் இல்ல. அதனால வெள்ளிக்கிழமை காலையில நானே போய் நின்னேன். பல வருஷமா நாற்காலியில உக்காந்தே வேலை பார்த்த உடம்பு. முழங்கால் பத்து நிமிஷத்துலயே புலம்ப ஆரம்பிச்சுது. மழை வேற தூறிக்கிட்டே இருந்துது. ஷிப்ராதியை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே நின்னேன், உங்களால இந்த வயசுல எனக்கு இந்தத் தண்டனைன்னு.

மதியம் ஒரு மணி இருக்கும். ஒரு வயசான அம்மா கடையிலேர்ந்து இறங்கி வந்தாங்க. எழுபது தாண்டியிருக்கும். வெள்ளைப் புடவை, கையில புது வாட்ச். இந்த மாதிரிப் பெரியவங்களை நாங்க மாஷிமான்னு கூப்பிடுவோம், சித்தி பெரியம்மா மாதிரி. "மாஷிமா, வாட்ச் வாங்கினீங்களா? ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"ன்னு கேட்டேன்.

"வாங்கினது போன வாரம். இன்னிக்கு சும்மா வந்தேன். இது நடு நடுவுல எழுந்திரு எழுந்திருன்னு அதட்டுது. நான் எழுந்திருக்கறதும் உக்கார்றதும் என் இஷ்டம் இல்லையா? அதை நிறுத்தித் தரச் சொன்னேன், நிறுத்திட்டார்." அப்புறம் என் டேப்லெட்டைப் பார்த்தாங்க. "இதெல்லாம் போன வாரமே ஒரு பொண்ணு கேட்டுட்டாளே. குட்டையா, பெரிய கண்ணாடி போட்டிருந்தா. மழை பெய்யுதுன்னு எனக்குக் குடை பிடிச்சு ரிக்‌ஷா வரைக்கும் கொண்டு வந்து விட்டா. அவ எங்க?"

அறுபத்தி ரெண்டு வயசு ஷிப்ராதியைத்தான் பொண்ணுன்னாங்க. 

"மாஷிமா, அவங்ககிட்ட உங்க போன் நம்பர் குடுத்தீங்களா?"

"குடுத்தேனே." கைப்பையைத் திறந்து, நாலா மடிச்ச பில்லை எடுத்தாங்க. "இதுல இருக்கு பாரு. அவளும் இதைப் பார்த்துத்தான் எழுதிக்கிட்டா."

என் போன்ல தேடினேன். அந்த பெங்களூர்க்காரரோட நம்பர்.

"இது யார் நம்பர்?"

"என் பையனோடது. எந்தக் கடையில கேட்டாலும் அதைத்தான் குடுப்பேன். ஓடிபி கீடிபின்னு ஏதாவது வந்தா அவன் பார்த்துப்பான்."

"உங்க நம்பர்?"

"அது எனக்கு மனப்பாடம் இல்ல. என்னை நானே கூப்பிடவா போறேன்?"

நான் கடைப் படியிலயே உக்காந்துட்டேன். கேள்வித்தாள்ல இருக்கற கேள்வியை, வேலைக்காக இல்ல, எனக்காகக் கேட்டேன். "உங்க பையன் ஆன்லைன்லயே வாங்கி அனுப்பியிருக்கலாமே மாஷிமா?"

"அனுப்பறேன்னுதான் சொன்னான், பாவம். அனுப்பினா என்ன வரும், ஒரு பொட்டி வரும். அந்தப் பொட்டியைப் பார்த்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணும். இங்க வந்தா அந்த மனுஷன் கையைப் பிடிச்சுக் கட்டி விடறார். இறுக்கமா இருக்கான்னு கேக்கறார். மறந்து போச்சுன்னா மறுபடி வரலாம்." கொஞ்சம் குனிஞ்சு, ரகசியம் மாதிரி சொன்னாங்க. "எனக்கு மறக்கறதே இல்ல. வர்றதுக்காக மறந்த மாதிரி வர்றேன்."

டாக்குரியாவைத் தெரிஞ்சவங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. பக்கத்துல இருக்கற ஏரிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எந்த மாடியில ஏறினாலும் அப்பா அம்மா மட்டும் இருப்பாங்க, பிள்ளைங்க பெங்களூர், பூனான்னு இருப்பாங்க. இருபது வருஷமா அந்தத் தெருவுல போய் வர்ற எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனா ஃபாரத்தைக் கையில எடுத்தா தெரிஞ்சதெல்லாம் மறந்து போகுது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். பில்லைப் பார்த்து நம்பர் எழுதுங்க, வாயால சொல்ற நம்பர்ல தப்பு வருதுன்னு அந்த ஸ்டடிக்கு ட்ரெயினிங் குடுத்தது நான்தான். மத்தவங்க யாரும் அதைக் காதுல வாங்கிக்கல. ஷிப்ராதி ஒருத்தங்கதான் சொன்ன பேச்சைக் கேட்டாங்க. அதுக்குத்தான் அவங்களுக்கு வேலை போச்சு.

அஞ்சு மணிக்குப் பட்டியல் போகும். பக்கத்து டீக்கடைத் தார்பாய்க்கு அடியில நின்னுக்கிட்டு மிச்சம் அஞ்சு பேருக்கும் போன் போட்டேன். முதல்ல அந்த பூனா பொண்ணு. "உங்க அம்மாவோ அப்பாவோ டாக்குரியாவில இருக்காங்களா?"ன்னு கேட்டேன்.  அப்புறம் ரொம்ப மெல்ல, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"ன்னா. ஐயோ, அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன். ஒண்ணும் ஆகலம்மா, வாட்ச் வாங்கினாங்களான்னு கேக்கத்தான்னு நான் சொல்லச் சொல்ல அவ அழுதே விட்டா, அப்புறம் என்னை நல்லாத் திட்டினா. திட்டட்டும்னு கேட்டுக்கிட்டேன். அடுத்தவருக்கு ஜாக்கிரதையா, "முதல்ல சொல்லிடறேன், உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியம்"னு ஆரம்பிச்சேன். அவர் இன்னும் பயந்துட்டார். முப்பது வருஷ அனுபவம், ஒரு கேள்வியை எப்படி ஆரம்பிக்கறதுன்னு அன்னிக்குத் தெரியல.

நாலு பேர் ஒத்துக்கிட்டாங்க. அம்மா வாங்கினது, அப்பா வாங்கினது, பில்லுல எங்க நம்பர்னு. அஞ்சாவது ஆள் போனை எடுக்கல. ஆட்டோ பிடிச்சு ஆபீஸ் வந்து சேர்ந்தப்போ நாலு மணி.

மேனேஜர் அந்த எடுக்காத ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டார். "அவர் என்ன சொல்வார்னு தெரியாதே?"

"தெரியாது. மிச்ச அஞ்சும் நிஜம். அந்த மாஷிமாவை நானே பார்த்துட்டு வரேன்."

அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சார். "நாளைக்கு கம்பெனிக்காரர் வந்து உக்காரும்போது, நம்ம பேக் செக்கே தப்புன்னு சொல்லப் போறோமா? மூணு கடை வேலையும் சந்தேகத்துக்கு வரும். இந்த வாரம் பேர் போகட்டும். ரெண்டு மாசம் கழிச்சு, தவறுதலா சேர்ந்துடுச்சுன்னு எடுத்துடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவர் கெட்டவர் இல்ல. பயந்தவர். அவர் சொன்னதுல எனக்கும் ஒரு சௌகரியம் இருந்துது, அதை மறைக்கல. ரிட்டையர் ஆக ஒரு வருஷம். நான் பண்ணின பேக் செக் தப்புன்னு எழுத்துல வந்தா, அந்த வருஷம் நான் பார்த்த எல்லாத்தையும் இன்னொருத்தர் மறுபடி பார்ப்பாங்க. நேத்து வந்தவங்க என் வேலையைத் திருத்துவாங்க. ஒரு நிமிஷம், முழுசா ஒரு நிமிஷம், சரின்னு சொல்ல வாய் வந்துது.

"ரெண்டு மாசம்னா பூஜா முடிஞ்சு போயிடும்"னேன். "வருஷத்துல அவங்களுக்கு வேலை வர்றதே இப்பதான். ரெண்டு மாசம் அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

 நான் ஒரு பேப்பரை எடுத்து, டாக்குரியா பேக் செக்ல பிழை சூப்பர்வைசருடையது, இன்டர்வியூவருடையது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன்னாடி வெச்சேன். அவர் ரெண்டு தரம் படிச்சார். அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி பட்டியலைத் திறந்து அந்தப் பேரை அழிச்சார். சனிக்கிழமை கம்பெனிக்காரர் இதைக் கேட்டு, கோபப்படாம, மாஷிமா சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதுக்கப்புறம் என் வேலையை இன்னொருத்தர் ரெண்டு மாசம் திருத்தத்தான் செஞ்சாங்க. நல்லாவே திருத்தினாங்க.

வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து நேரா டாலிகஞ்ச் போனேன். ஷிப்ராதி கதவைத் திறந்தாங்க. வான்னு சொல்லல. கதவைத் திறந்தபடியே விட்டுட்டு உள்ள போயிட்டாங்க. நான் செருப்பைக் கழட்டிட்டுப் போய் உக்காந்தேன். டீ போட்டுக் கொண்டு வந்து வெச்சாங்க. எவ்வளவு கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ கிடையாதுங்கறது இந்த ஊர்ல நடக்காது.

எல்லாத்தையும் சொன்னேன். யாருக்குப் போன் பண்ணினேன், யார் என்ன சொன்னாங்க, மாஷிமா, பில்லு, பட்டியல், எல்லாம். 

"ஆறு பேருக்கு போன் பண்ணியிருக்க"ன்னாங்க கடைசியா. "ஏழாவதா எனக்கு ஒண்ணு பண்ணியிருக்கலாமே ஜயா."

"யாருக்குப் பண்ணினோம்னு உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ரூல்..."

"யாருக்குன்னு சொல்ல வேண்டாமே. நம்பரை எப்படி வாங்கினீங்க ஷிப்ராதின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அதுக்குமா ரூல்?"

அதுக்கு ரூல் இல்ல. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இதை உங்களுக்கு எழுத உக்காந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். பேக் செக்ல ஆள் தேறலைன்னா, மேனேஜர்கிட்ட போறதுக்கு முன்னாடி, அந்த ஆளைக் கூப்பிட்டு வேலையை எப்படிப் பண்ணினாங்கன்னு கேளுங்க. குத்தம் சொல்லாம கேளுங்க. ரகசியமும் உடையாது.

மன்னிச்சுடுங்க ஷிப்ராதின்னு சொன்னேன். நிஜமா மனசுலேர்ந்து வந்த வார்த்தை. திங்கக்கிழமைலேர்ந்து மறுபடி வாங்கன்னும் சொன்னேன்.

"இங்க சொல்ற"ன்னாங்க. "என்னை எடுத்தது எங்க?"

இதை நான் இதுவரைக்கும் உங்ககிட்ட சொல்லாம தள்ளிக்கிட்டே வந்துட்டேன், வெக்கமா இருந்துது. அந்த ரெண்டு வரி அனுப்பின கையோட, எங்க இன்டர்வியூவர்கள் எல்லாரும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து அவங்களை எடுத்துட்டேன். இருபது பேர் பார்த்தாங்க. ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் விளக்க வேண்டாம்.

போனை எடுத்தேன். தட்டச்சு பண்ண ஆரம்பிச்சேன். "முதல்ல என்னைச் சேர்த்துடு"ன்னாங்க. "நான் இருக்கறப்போ சொல்லு."

சேர்த்தேன். அப்புறம் எழுதி, அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டினேன். பெரிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு மெதுவா படிச்சாங்க. டாக்குரியா பேக் செக்ல ஒரு தப்பு நடந்துடுச்சு, ஷிப்ராதி மேல எந்தக் குறையும் இல்லைன்னு எழுதியிருந்தேன்.

"நடந்துடுச்சா?" போனைத் திருப்பிக் குடுத்தாங்க. "மழை பெஞ்ச மாதிரி எழுதியிருக்க. தானாவா நடந்துது?"

அழிச்சேன். நான் விசாரிக்காம ஷிப்ராதியை நீக்கினேன், அவங்க வேலை அவ்வளவும் நிஜம், நான் செஞ்சது தப்புன்னு எழுதி அனுப்பினேன். 

 அப்புறம் அவங்க போன் மேஜை மேல அதிர ஆரம்பிச்சுது. ஒவ்வொரு மெசேஜா எடுத்து, எனக்குக் கேக்கறபடி, அவசரமே இல்லாம படிச்சாங்க. அலிப்பூர் கடை வாசல்ல இன்டர்வியூ எடுத்தவ, நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் தீதின்னு போட்டிருந்தா. இன்னொருத்தி, நேத்து ராத்திரி உங்களுக்கு போன் பண்ண தைரியம் வரல, மன்னிச்சுடுங்கன்னு எழுதியிருந்தா. பேரைப் படிச்சு, எழுதியிருந்ததைப் படிச்சு, அடுத்தது. நான் எதிர்ல உக்காந்து ஒண்ணு விடாம கேட்டேன். பன்னெண்டோ பதிமூணோ ஆனப்போ பாதி வரியில நிறுத்திட்டாங்க. போனைக் கவுத்து வெச்சுட்டு, புடவைத் தலைப்பால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாங்க. என் மேஜை முன்னாடி நின்னப்போ அழாத அழுகை. நான் எழுந்து போய்ப் பக்கத்துல உக்காந்தேன். அவங்க என்னைப் போகச் சொல்லல.